சுவரில் செருகிய மூங்கில்

1936-ம் வருஷம் ஆனி மாதத்து முதல் திங்கட்கிழமை, மில் சங்கு ஊதி ஓய்ந்த நேரத்தில், ஹைஸ்கூலின் பூட்டைக் கோவிந்தராஜுலு திறந்தார். துருப்பிடித்த பூட்டு. கதவைத் தள்ளியதும் வௌவால் புழுக்கையும் பழைய சுண்ணாம்பும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. ஒன்றரை வருஷம் மூடிக் கிடந்த கட்டடம் அப்படித்தான் நாறும். அதில் அவருக்கு ஆச்சரியம் இல்லை.

ஆச்சரியம் பின்னறையில் இருந்தது. அங்கே தரை ஈரமாக இருந்தது.

கட்டடத்தின் முதுகில் ஒட்டவைத்த மாதிரி ஓர் அறை அது. நாட்டு ஓடு வேய்ந்தது. ஒரே கதவு, அதுவும் சோளக்காட்டைப் பார்த்தபடி. உயரத்தில் தலை நுழையாத ஜன்னல் ஒன்று. வகுப்பறைச் சுவரில் ஒரு செங்கல்லை உருவி ஓட்டை விட்டிருந்தார்கள். அதன் வழியாகப் பாடம் கேட்கும், கரும்பலகை தெரியாது. பானை வைத்திருந்த தண்ணீர் அறையோடு சேர்ந்த சுவரில், முழங்கால் உயரத்தில், ஒரு மூங்கில் குழாய் கீழ்நோக்கிச் சரிந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதன் வாய்க்கு நேர் கீழே தாம்பாளம் அகலத்துக்கு ஈரம்.

அவர் குனிந்து தொட்டுப் பார்த்தார். சில்லென்றிருந்தது. மழை பெய்து மாதக்கணக்காகிவிட்டது. பள்ளிக்கூடத்துக் கிணற்றில் பாறை தெரிந்தது.

"சென்னியப்பா, இங்க எப்படி ஈரம்?"

பியூன் சென்னியப்பன் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். பழைய ஆள். மணியடிப்பதும் பானைக்குத் தண்ணீர் சுமப்பதும் அவன் வேலை.

"எலி மோண்டிருக்குமுங்க சார்."

"இவ்வளவு மோள அது எலியா, எருமையா?"

சென்னியப்பன் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடியவன் என்று அவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. ஆனாலும் சிரிக்கவில்லை.

குழாயின் வாய் மென்று துப்பிய கரும்பு போல நார் நாராகப் பிரிந்திருந்தது.

"இதுவும் எலிதானா?"

"எலிதானுங்க," என்றான் அவன், பார்க்காமலே.

கோவிந்தராஜுலுவுக்கு அந்த வேலை பெரிது. உடுமலைப்பேட்டையில் பன்னிரண்டு வருஷம் உதவி ஆசிரியராக இருந்து, தன்னைவிடச் சிறியவர்களுக்குக் கீழே கைகட்டி நின்று, நாற்பத்து மூன்றாவது வயதில் ஹெட்மாஸ்டர் என்று ஒரு பலகைக்குப் பின்னால் உட்கார வந்திருந்தார். மனைவியும் இரண்டு பெண்களும் உடுமலையிலேயே இருந்தார்கள். பள்ளிக்கூடம் நிலைத்தால் அழைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். ஜில்லா போர்டில் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்கள். தீபாவளி கழித்து இன்ஸ்பெக்டர் வருவார். வகுப்புகள் நிறைந்திருக்க வேண்டும். சேரிப் பையன் ஒருவனாவது படிக்க வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் பள்ளிக்கூடத்தை ஒரேயடியாக மூடிவிடுவோம், நீங்கள் பழைய இடத்துக்கே போகலாம் என்றார்கள்.

ஊர்ப் பையன்களுக்குப் பாலுசாமிக் கவுண்டர்தான் வழி. அவர் தலையசைத்தால் ஊர் முழுக்க அசையும். கோவிந்தராஜுலு அவர் வீட்டுக்குப் போனார். பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டுக் காபி கொடுத்தார்கள்.

"நாங்க வேண்டாம்னா சொல்றோம் வாத்தியாரே?" என்றார் கவுண்டர். "கவர்மெண்ட்டு சொல்லுது, சேத்துக்கங்க. அதே ரூம்பு இருக்குது, அதே குழாய் இருக்குது. பையன் உக்காரட்டும், படிக்கட்டும், கலெக்டரே ஆகட்டும். நம்ம பானையைத் தொடாம ஆகட்டும்."

"அந்த அறைக்கு வெளியே தாழ்ப்பாள் இருக்குதுங்களே?"

"பாடம் நடக்கறப்பப் போட்டுருவாங்க. இல்லீன்னா அக்கட்டால இக்கட்டால திரிவான், யாரு மேலயாச்சும் பட்டுப்போடுவான், பொறவு பஞ்சாயத்து. மணியடிச்சாத் தொறந்துடறது. உங்களுக்கும் நிம்மதிதானுங்க."

கோவிந்தராஜுலு காபி டம்ளரைப் பார்த்தார். சரி என்று டம்ளரிடம் சொன்னார்.

அடுத்த வாரம் வகுப்புகள் நிறைந்தன.

பின்னறைக்குச் சின்னான் வந்தான். முதல் பாரம், அதாவது ஆறாம் வகுப்பு. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, அக்குளில் சிலேட்டு. கேட்ட கேள்விக்கு ஓட்டை வழியாக அவன் சொல்லும் பதில் பெரும்பாலும் சரியாக இருந்தது. தண்ணீர் வேண்டுமென்றால் அவன் குழாயை இரண்டு தட்டுத் தட்டுவான். இந்தப் பக்கம் சென்னியப்பன் சொம்பில் மொண்டு, குழாயின் மேல்வாயில் வைத்து, "ஊத்தட்டா?" என்று கேட்பான். அந்தப் பக்கம் பையன் கைகளைக் குவித்துக்கொண்டு, "ஊத்துங்க சாமி" என்பான். அதற்கப்புறம்தான் தண்ணீர் போகும். கேட்காமல் ஊற்றினால் தரையில் சிந்திப் பாழாகும். தண்ணீர் கஷ்டமான ஊர். அது அங்கே ஏற்பட்ட முறை.

ஒரு நாள் மணியடித்துக் கதவைத் திறந்துவிட்டதும் சின்னான் அவரிடம் வந்தான். நான்கு முழம் தள்ளி நின்றான்.

"ஏனுங்க சார், அந்தப் பையன் எந்தப் பாரமுங்க?"

"எந்தப் பையன்?"

"எனக்கு முன்னால குடிக்கறவனுங்க. நான் தட்டறதுக்குள்ள அவன் தட்டிப்போடறானுங்க."

"உள்ளே நீ மட்டும்தானே இருக்கிறே?"

சின்னான் யோசித்தான். கேள்வி அவனுக்குப் புரியாதது போல இருந்தது.

"ஆமாங்க," என்றான். மரியாதைக்குச் சொன்ன ஆமாம்.

அன்றிரவு அவருக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. பையன்கள் கதை கட்டுவார்கள், இவர் பார்க்காததா. ஆனால் மறுநாள் பாடத்தின் நடுவே அவர் காது தானாக அந்தச் சுவர் பக்கம் போயிற்று. இங்கிலீஷ் பாடம். பையன்கள் வரி வரியாக ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள், வெளியே பனைமரத்து மட்டைகள் காற்றில் உரசிக்கொண்டிருந்தன, எங்கோ கமலை ஏற்றத்தின் முனகல் வந்து வந்து போயிற்று, அவை எல்லாவற்றுக்கும் அடியில், மரத்தை நகத்தால் தட்டுவது போல, இரண்டு தட்டு.

சென்னியப்பன் கிணற்றடிக்குப் போயிருந்தான். அவரே எழுந்து தண்ணீர் அறைக்குப் போனார். இருட்டான சின்ன அறை. மண்பானையின் ஈர வாசனை. அவர் சொம்பை எடுத்தார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. சின்னான் அன்று வரவில்லை. அவன் ஆத்தாளுக்குக் காய்ச்சல் என்று காலையிலேயே தகவல் வந்திருந்தது.

இரண்டு தட்டு.

அவர் குனிந்து குழாயின் மேல்வாயில் காதை வைத்தார். முதலில் கடல் சிப்பியில் கேட்பது போல வெறும் இரைச்சல். பிறகு அதற்குள் ஒரு மூச்சு. வாயால் விடுகிற மூச்சு. காய்ந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பிரியும் சின்னச் சத்தம். குழாய்க்குள்ளிருந்து வந்த காற்று சூடாக, பசித்த வயிற்றின் நாற்றத்தோடு இருந்தது.

அவர் காதை எடுத்தார். சொம்பைப் பானைமேல் வைத்தார். அது உருண்டு விழுந்தது. வகுப்பில் பையன்கள் ஒப்பிப்பதை நிறுத்தினார்கள்.

சாயங்காலம் சென்னியப்பனை உட்காரச் சொன்னார். அவன் உட்காரவில்லை.

"இந்தப் பள்ளிக்கூடம் எதுக்கு மூடிக் கிடந்தது?"

"பிளேக்குங்க சார். உங்களுக்குத் தெரியாததா?"

"பிளேக் மாசியோட ஓஞ்சு போச்சு. அப்புறமும் ஏன் மூடிக் கிடந்தது?"

சென்னியப்பன் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்தான். மறுபடி பிரித்தான்.

"மார்கழியிலீங்க, எலி செத்து விழுந்துது. ஆறாம் பாரத்துல, மேசை மேலயே. சட்டுனு ஊரே காலி பண்ணிக் காட்டுக்குப் பொறப்பட்டுது. குடிசை போட்டுட்டுக் காட்டுலதான் இருப்பாங்க, மூணு நாலு மாசம். பழைய ஹெட்மாஸ்டரு மணியடிக்கச் சொன்னாரு, அடிச்சனுங்க. பூட்டச் சொன்னாரு, பூட்டினனுங்க."

"பின்னறை?"

"அது எப்பவும் தாப்பாப் போட்டுத்தானுங்களே இருக்கும்."

"அன்னைக்கு உள்ளே யார் இருந்தது?"

"வேலன்னு ஒரு பையனுங்க. மணியடிச்சாத் தொறந்து உடறதுதான். அன்னைக்கு அது பள்ளிக்கூடத்து மணியில்லீங்களே, ஓடற மணி. அவங்காத்தா மாசாணியம்மாள், பையனைப் பிளேக் ஷெட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்கன்னு நெனச்சுப்போட்டா. ஷெட்டு வாசல்லயே கெடந்தா. உள்ளே உடுவாங்களா? நாங்க ஊடு திரும்பி, மாசி கடைசியில வந்து பார்க்கறப்பத்தான்..."

"பானையில தண்ணி இருந்துதா?"

"காலையிலதானுங்க ரொப்பி வெச்சேன். நெறையா இருந்துது." அவன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னான். "சுவத்துக்கு இந்தப் பக்கம்."

மறுநாள் கோவிந்தராஜுலு பின்னறைக்குப் போய்க் குழாயின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார். எலிப்பல் கூராக இருக்கும், ஊசி இழுத்த மாதிரி. இது அகலமான பல். முன்பற்கள் இரண்டு. நடுவில் ஒரு சந்து. ஈரம் எங்கேயோ இருக்கிறது என்று தெரிந்து, அதைக் கடித்து இழுத்து வெளியே கொண்டுவரப் பார்த்த பல்.

குழாயைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்று நினைத்தார். சின்னானை வகுப்புக்குள் உட்காரவைக்க வேண்டும் என்றுகூட நினைத்தார். உட்காரவைத்தால் மறுநாள் வகுப்பில் சின்னான் மட்டும்தான் இருப்பான். இன்ஸ்பெக்டர் வந்து போகட்டும். அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

தாழ்ப்பாளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அது மட்டும் எப்படியோ நினைவுக்கு வரவில்லை.

ஆடி போயிற்று, ஆவணி போயிற்று. தட்டல் கேட்டால் பாடத்தை உரக்க நடத்தக் கற்றுக்கொண்டார். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். தொண்டை வறளும், சொம்பைத் தூக்குவார், உதட்டருகே கொண்டுபோய் அப்படியே வைத்துவிடுவார். இளைத்துவிட்டீர்கள் என்று மனைவி எழுதியிருந்தாள். போன முறை பார்த்தபோது சொல்ல மனமில்லையாம்.

தீபாவளி கழிந்தது. இன்ஸ்பெக்டர் வரும் வாரம். கட்டடத்துக்கு வெள்ளையடித்து, வாசலில் மாவிலை கட்டியிருந்தார்கள். மத்தியானம் கணக்குப் பாடத்தின்போது உத்தரத்திலிருந்து என்னவோ விழுந்தது. மெத்தென்ற சத்தம். முன் பெஞ்சுப் பையனின் நோட்டுப் புத்தகத்தின் மேல் மல்லாந்து கிடந்தது. மூக்கில் ஒரு துளி ரத்தம்.

"எலி," என்றான் பையன். அவ்வளவுதான் சொன்னான்.

யாரும் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பெஞ்சுகள் உரசின. புத்தகங்களை எடுக்காமல் எல்லாரும் வெளியே போனார்கள். ஒரு நாழிகைக்குள் ஊர் வண்டி பூட்டத் தொடங்கிவிட்டது. பானை சட்டிகள், கோழிக் கூடைகள், கட்டிலோடு கிழவர்கள். மில்லையும் மூடினார்கள். புழுதி மேலே எழும்பி இறங்காமல் நின்றது.

"சின்னானைத் திறந்து விட்டியா?" என்று கேட்டார் கோவிந்தராஜுலு.

"உட்டுட்டனுங்க சார்." சென்னியப்பன் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்தான். "நீங்க வெசையா வாங்க, உடுமலை பஸ்ஸு போயிரும்."

"நிச்சயமா?"

"உட்டனுங்க..." அவன் நின்றான். தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தான், கையைக் கேட்பது போல. "உட்டுட்டனாட்டத்தானுங்க இருக்குது."

"நீ பெட்டியைப் பஸ்ஸில் ஏத்திட்டு உன் பிள்ளைகுட்டியைப் பார். எனக்காக நிக்காதே. நான் வந்து ஏறிக்கிறேன்."

அவன் போய்விட்டான்.

கோவிந்தராஜுலு கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் நடந்தார். வெயில் மஞ்சளாகியிருந்தது. சோளத் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின, வெள்ளைச் சுண்ணாம்பின் புது வாடை அடித்தது, வண்டிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து ஒரு முனகலாகி, முனகலும் போய், அவர் செருப்பின் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது. வழியில் நின்று கேட்டார்.

இரண்டு தட்டு.

தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"சின்னான்! பயப்படாதே கண்ணு, வந்துட்டேன்."

தாழ்ப்பாளை இழுத்தார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இருட்டு பழக ஒரு கணம் ஆயிற்று. சின்னான் உட்காரும் பலகைப் பெஞ்சு. சுவர். குழாய். யாரும் இல்லை. தரையில் ஈரம் மட்டும், இப்போது பெரிதாக, ஒருவர் குந்தி உட்காரும் அளவுக்கு.

பலகையின் மேல் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தார். தூரத்தில், சோளக்காட்டைத் தாண்டி, சேரி ஜனங்கள் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு பையன். சிலேட்டைத் தலைமேல் கவிழ்த்துப் பிடித்திருந்தான், வெயிலுக்கு. சின்னான். திறந்துதான் விட்டிருக்கிறான் சென்னியப்பன். கோவிந்தராஜுலு அத்தனை மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சை முழுக்க மார்பிலிருந்து வெளியே விட்டார்.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

காற்றில்லை. சோளத்தட்டு அசையவில்லை. தாழ்ப்பாள் மெதுவாக நகர்ந்தது, பழகிய கை நகர்த்துவது போல. இறுதியில் ஒரு சின்னத் தட்டு. பொருந்திவிட்டது.

கத்தினார். முதலில் பேர் சொல்லிக் கத்தினார். சென்னியப்பன், சின்னான், கவுண்டர். பிறகு வெறும் சத்தமாகக் கத்தினார். கதவு வேலாமரம். தோள்தான் வலித்தது. ஜன்னலுக்குள் கையை விட்டு ஆட்டினார். தூரத்தில் வரிசை சிறுத்து, புள்ளிகளாகி, பனைமரங்களுக்குப் பின்னால் போயிற்று. ஒருவரும் திரும்பவில்லை.

பெட்டி பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும். ஹெட்மாஸ்டர் உடுமலைக்குப் போய்விட்டார் என்று ஊர் நினைக்கும். கொள்ளைநோய் ஊரில் அவர் காவலுக்கு நிற்கிறார் என்று உடுமலை நினைக்கும். மனைவி பெட்டியைப் பார்ப்பாள். பெட்டி வந்துவிட்டது, அடுத்த பஸ்ஸில் ஆள் வருவார் என்று நினைப்பாள். காலையில் சங்கு ஊதாது. மில் இல்லை. மாசி வரை யாரும் இல்லை.

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.

தொண்டை எரிந்தது. காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. நேற்றும் சரியாகக் குடிக்கவில்லை. கத்தியதில் உமிழ்நீரும் வற்றி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பிரித்தார். ஒட்டியது. அந்தச் சத்தம். அவருக்குத் தெரிந்த சத்தம்.

வகுப்பறை ஓட்டையில் வாயை வைத்து மூச்சு விட்டார். பிறகு கண்ணை வைத்துப் பார்த்தார். உள்ளே பெஞ்சுகள். நோட்டுப் புத்தகத்தின் மேல் எலி. கரும்பலகை தெரியவில்லை.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம், தண்ணீர் அறையில், வெறுங்கால் நடக்கும் சத்தம். சின்னக் கால். முன்வாசல் பூட்டியிருந்தது. அவரே பூட்டியது. சாவி அவர் இடுப்பில்.

"யாரது?"

கால் நின்றது.

பானையின் மூடி நகர்ந்தது. மண்ணோடு மண் உரசும் சத்தம். சொம்பு முங்கியது. மொண்டது. விளிம்பில் வழிந்த தண்ணீர் திரும்பப் பானைக்குள் சொட்டியது, ஒவ்வொரு சொட்டாக, நிறையத் தண்ணீர் இருக்கும் பானையின் ஆழமான சத்தத்தோடு.

கோவிந்தராஜுலு குழாயின் முன்னால் குந்தியிருந்தார். எப்போது குந்தினார் என்று தெரியவில்லை. வேட்டி நனைந்திருந்தது. மென்ற நார்களுக்கு நடுவே, குழாயின் வாயில், ஒரு சொட்டு திரண்டு நின்றது. விழவில்லை. அவருடைய கைகள் இரண்டும் அதற்குக் கீழே குவிந்திருந்தன.

அந்தப் பக்கத்திலிருந்து, குழாய் வழியாக, ஒரு பையனின் குரல் வந்தது. பணிவான குரல். கேட்டுவிட்டுத்தான் ஊற்ற வேண்டும் என்று கற்றுக்கொண்ட குரல்.

"ஏனுங்க சார், ஊத்தட்டுங்களா?"